ஐந்து லட்சணங்களும் ஆறாவது ஒன்றும்

அமெரிக்கா தேசத்தின் சிற்றூர்களில் பேஸ்பால் ஆட்டம் நடக்கும் மைதானம் எதற்காவது சென்றால், கூட்டத்தினிடையே விசித்திரமான மனிதர் ஒருவரைக் காணலாம். ஊரார் எல்லாரும் எழுந்து நின்று ஆரவாரம் செய்யும்போது அவர் கை தட்டுவதில்லை. எந்தக் கட்சி ஜயித்தது என்று கேட்டால், அதைக்கூட அவர் சற்று யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கும். மடியில் ஒரு குறிப்புப் புத்தகம். கையில் வினாடிக் கடிகாரம். மட்டை பிடித்த பையன் பந்தை அடித்ததும் கடிகாரத்தை அழுத்துகிறார். அவன் முதல் முனையை மிதித்ததும் மறுபடி அழுத்துகிறார். ஏதோ எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பையன் ஆட்டமிழந்து தலை குனிந்து திரும்பும்போது, மற்றவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அவரோ அப்போதுதான் அவனைக் கண் கொட்டாமல் கவனிக்கிறார்.

இவருக்கு ஸ்கௌட் என்று பெயர். காக்கி உடை அணிந்து கழுத்தில் குட்டை கட்டிக்கொள்ளும் சாரணப் பிள்ளைகளுக்கும் இவருக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. பெரிய ஆட்டக் கோஷ்டி ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றி, இளம் ஆட்டக்காரர்களின் குணதோஷங்களை எழுதி அனுப்பும் பரீட்சகர் இவர். இவர் எழுதும் ஒரு பக்கத்தினால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் லட்சாதிபதி ஆவதும் உண்டு. அதே போன்ற ஒரு பக்கத்தை நம்பிக் கல்லூரிப் படிப்பை உதறிவிட்டு வந்த பிள்ளை, சில வருஷங்களுக்குப் பிறகு வெறுங்கையோடு வீடு திரும்புவதும் உண்டு. ஆகையால், அந்தப் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறது, அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று விசாரிப்பது வியர்த்தமாகாது.

ஆட்டமும் அதன் பண்ணையும்

பேஸ்பாலைப் பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நாம் அறிந்த கிரிக்கெட்டுக்கு இது தூரத்து உறவு. மட்டை உருண்டையாயிருக்கும், பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். நான்கு முனைகளுள்ள ஒரு சதுரம். ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் 90 அடி. அடித்தவன் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பிவிட்டால் அது ஹோம் ரன். அவசரமின்றி நடந்தே சுற்றி வரலாம். சதுரத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் புல்வெளியை இடது, நடு, வலது என்று மூன்று பேர் காவல் புரிகிறார்கள். இவர்களே அவுட்பீல்டர்கள். நமது கட்டுரை இந்தப் புல்வெளிக் காவலர்களில் இளையவர்களைப் பற்றியது.

பெரிய லீக்கில் 30 கோஷ்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே, பள்ளிக்கூட வகுப்புகளைப் போல் படிப்படியாகச் சிறு கோஷ்டிகள் உண்டு. இவற்றுக்கு மைனர் லீக் என்று பெயர். 1920-க்குப் பிந்திய வருஷங்களில், ஸெயின்ட் லூயி நகரத்துக் கோஷ்டியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர், பிறர் வளர்த்த ஆட்டக்காரர்களை விலை கொடுத்து வாங்குவதைவிட நாமே நாற்று விட்டு வளர்ப்பது மலிவு என்று கண்டு இந்த முறையை விருத்தி செய்தார். அதனால் இதைப் 'பண்ணை' என்றே இன்றும் சொல்லுகிறார்கள். 2021-ல் ஏற்பட்ட சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஒரு பெரிய கோஷ்டிக்கு நான்காக மொத்தம் 120 கோஷ்டிகள் இப்பண்ணையில் இருக்கின்றன. நாற்று என்னவோ ஏராளம். கதிர் முற்றிக் களத்துக்கு வந்து சேர்வது கொஞ்சம்.

பஞ்ச லட்சணம்

பரீட்சகர் பார்ப்பது ஐந்து லட்சணங்கள்: பந்தைத் தவறாமல் மட்டையில் வாங்கும் திறமை, தூரமாய் அடிக்கும் பலம், ஓட்டம், பந்தைப் பிடிக்கும் காவல் திறமை, கை வீச்சு. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரையில் மார்க்கு. பெரிய லீக்கில் ஆடும் நடுத்தர ஆட்டக்காரருக்கு உரியது 50. எண்பது என்பது மிகச் சிலருக்கே கிட்டும் பாக்கியம். ஒவ்வொரு லட்சணத்துக்கும் ஒன்றல்ல, இரண்டு மார்க்குகள் போடவேண்டும்; 'இன்று' என்று ஒன்று, 'நாளை' என்று ஒன்று. முதலாவதைக் கண் உள்ள எவரும் போட்டுவிடலாம். இரண்டாவதற்குத்தான் பரீட்சகருக்குச் சம்பளம்.

ஓட்டத்தை அளப்பது சுலபம். அடித்த இடத்திலிருந்து முதல் முனைக்கு வலது கை ஆட்டக்காரன் சுமார் 4.3 வினாடியில் போய்ச் சேர்ந்தால் அது நடுத்தரம். நான்கே வினாடியில் சேர்ந்தால், பக்கத்திலுள்ள மற்றப் பரீட்சகர்களும் தங்கள் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்வார்கள். வீச்சும் அப்படியே. வலது பக்கத்துக் காவலனுக்குத்தான் கை வலிமை முக்கியம். ஏனெனில் மூன்றாவது முனைக்கு அவன் எறியவேண்டிய தூரமே அதிகம்.

காவல் திறமை சற்று நுட்பமானது. வேகமாய் ஓடுகிறவனெல்லாம் நல்ல காவலன் அல்ல. பந்து மட்டையில் பட்ட மாத்திரத்தில் முதல் அடியை எந்தத் திசையில் எடுத்து வைக்கிறான், பந்து விழப் போகும் இடத்துக்கு நேராக ஓடுகிறானா, அல்லது வளைந்து வளைந்து ஓடிக் கடைசியில் பாய்ந்து பிடித்துக் கைதட்டல் வாங்குகிறானா என்பதைப் பார்க்கவேண்டும். ஜனங்களுக்குப் பாய்ந்து பிடிப்பவனைத்தான் பிடிக்கும். பரீட்சகருக்கோ, அதே பந்தை நின்ற நிலையில் சாவதானமாய் வாங்கிக்கொள்பவனைத்தான் பிடிக்கும்.

பலம் எல்லாரையும் மயக்கும் லட்சணம். ஆட்டத்துக்கு முன் நடக்கும் பயிற்சியில், மெதுவாக எறியப்படும் பந்துகளை மதிலுக்கு மேல் மதிலுக்கு மேல் என்று அனுப்பும் பையன்கள் அநேகர். ஆட்டம் ஆரம்பமானதும் அவர்கள் பலம் எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. இவர்களை 'ஐந்து மணி வீரர்கள்' என்று அந்தத் தொழிலில் பரிகாசம் செய்வது வழக்கம். பயிற்சி நடப்பது மாலை ஐந்து மணிக்கு!

ஐந்தில் மிகக் கடினமானதும், அளப்பதற்கு மிக அரிதானதும் பந்தை மட்டையில் வாங்கும் திறமைதான். எறிபவர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தூரத்தில். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டைக்காரனை அடைய ஏறக்குறைய 0.4 வினாடி ஆகிறது. அதற்குள் அது நேரே வருகிறதா, வளைகிறதா, அடிக்கத் தக்கதா, விட்டுவிடத் தக்கதா என்று தீர்மானித்து மட்டையையும் சுழற்றியாகவேண்டும். ஓட்டத்தைக் கடிகாரம் சொல்லும். இதை எந்தக் கடிகாரமும் சொல்லாது.

உடல் வலிமையும் வேகமும் இருந்தால் இந்தத் திறமை தானே வந்துவிடும் என்று எண்ணுவோருக்கு 1994-ல் ஒரு பாடம் கிடைத்தது. கூடைப்பந்தில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜார்டன், அந்த வருஷம் அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் மைனர் லீக் கோஷ்டியில் அவுட்பீல்டராகச் சேர்ந்து 127 ஆட்டங்கள் ஆடினார். முப்பத்தொரு வயதிலும் ஓடி ஓடி 30 முனைகளைத் திருடினார். ஆனால் 114 தடவை மட்டையைச் சுழற்றியும் பயனின்றித் திரும்பினார். அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 202. கடின உழைப்பில் அவருக்கு நிகர் இல்லை. சிறு வயதில் வரவேண்டிய பழக்கம் பெரிய வயதில் எளிதில் படிவதில்லை.

தீரும் குறை, தீராத குறை

ஐந்து லட்சணங்களும் நிறைந்த பையன் அபூர்வம். ஆகையால் பரீட்சகரின் உண்மையான வேலை, குறை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதல்ல. இருக்கும் குறை காலத்தினால் தீருமா, தீராதா என்று சொல்வதுதான்.

பதினெட்டு வயதில் மெதுவாக ஓடுகிறவன் இருபத்தைந்தில் இன்னும் மெதுவாகத்தான் ஓடுவான். கை வீச்சும் பெரும்பாலும் பிறவிச் சொத்து. வளைந்து ஓடும் குறையோ ஆயிரம் பந்துகளைத் துரத்தினால் தீர்ந்துவிடும். தூரமாய் அடிக்கும் பலம் தோளும் இடுப்பும் உரம் பெறும்போது தானே வருவதுண்டு. வளைந்து வரும் பந்துக்கு ஏமாறுகிறவன் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அடிக்கத் தகாத பந்துகளையெல்லாம் எட்டி எட்டி அடிக்கும் சபலம் சிலருக்கு ஆயுள் பரியந்தம் போவதில்லை.

வயதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இருபத்துநான்கு வயது வாலிபன் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவர்களிடையே பிரமாதமாய் ஆடினால் அது பெரிய விஷயமல்ல. பதினெட்டு வயதுப் பையன் தன்னிலும் நான்கு வயது மூத்தவர்களிடையே சுமாராய் ஆடினாலும் அதைக் கவனிக்கவேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நடுப் புல்வெளிக்கு வேகம் வேண்டும். இரு ஓரங்களுக்கும் அடியில் பலம் வேண்டும். நடுவில் நிறுத்த வேகம் போதாமலும், ஓரத்தில் நிறுத்த அடியில் பலம் போதாமலும் நிற்கும் பையன்களின் கதிதான் பரிதாபம். எல்லா லட்சணத்திலும் 50 மார்க்கு வாங்கியிருப்பான். ஆனால் அவனுக்கென்று ஓர் இடம் இராது. இரண்டுங்கெட்டான் என்று நாம் சொல்கிறோமே, அதுதான்.

பர்மிங்ஹாம் பையன்

இந்தப் பரீட்சையின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காட்டுவது வில்லி மேய்ஸின் இளமைக் கதை. 1931-ல் பர்மிங்ஹாமுக்கு அருகில் பிறந்த நீக்ரோ இனத்துப் பிள்ளை அவர். உருக்கு ஆலையில் வேலை செய்த தகப்பனாரும் ஆட்டக்காரர்தான். பையன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே, 1948 முதல் அந்நகரத்துக் கறுப்பு மக்களின் கோஷ்டியாகிய 'பிளாக் பாரன்ஸ்' என்பதில் ஆடி வந்தார். ஓட்டம், காவல், வீச்சு மூன்றிலும் அப்போதே அவருக்கு ஈடில்லை. குறை ஒன்றே ஒன்று: வளையும் பந்து அவரை ஏமாற்றியது. கோஷ்டித் தலைவர் பைப்பர் டேவிஸ் அவர் மட்டை பிடித்து நிற்கும் முறையைத் திருத்தி, அந்தக் குறையைக் களையப் பாடுபட்டார்.

அதே நகரத்தில் ரிக்வுட் என்னும் அதே மைதானத்தில், வேறு நாட்களில், பாஸ்டன் நகரத்துப் பெரிய கோஷ்டியின் பண்ணையைச் சேர்ந்த வெள்ளையர் கோஷ்டியும் ஆடி வந்தது. இத்தனை அருகில் இருந்த ரத்தினத்தை எடுத்துக்கொள்ள வேறு எவரையும்விட அவர்களுக்கே வசதி அதிகம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஜாக்கி ராபின்ஸன் 1947-லேயே புரூக்ளினில் வழியைத் திறந்துவிட்டபோதிலும், பாஸ்டன் கோஷ்டியில் முதல் கறுப்பு ஆட்டக்காரர் இடம் பெற்றது 1959-ல்தான். கடிகாரமும் குறிப்புப் புத்தகமும் இருந்து என்ன? பார்க்கிறவன் பார்வையில் பழுது இருந்தால் 80 மார்க்கும் அவன் கண்ணில் படாது.

1950-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் பரீட்சகர் எட்டி மாண்டேக் அங்கே வந்தார். அவர் வந்தது அலான்ஸோ பெர்ரி என்னும் வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்க. பார்த்துவிட்டுப் பிடித்துச் சென்றதோ மேய்ஸை! பள்ளிப் படிப்பு முடிந்ததும், பத்தொன்பது வயதில் ட்ரென்டன் நகரத்து மைனர் லீக் கோஷ்டியில் அவர் சேர்ந்தார். முதல் ஆட்டம் மேரிலாண்டு மாகாணத்து ஹாகர்ஸ்டௌன் என்னும் ஊரில். அங்கே ஜனங்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். உடன் ஆடியவர்கள் தங்கிய ஹோட்டலில் அவருக்கு இடம் இல்லை. அந்த வருஷம் 81 ஆட்டங்களில் அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 353. ஹோம் ரன்கள் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? நான்கே நான்கு.

அப்போது ஒரு பரீட்சகர் 'இன்று' என்ற இடத்தில் பலத்துக்குக் குறைந்த மார்க்குப் போட்டிருந்தால் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதே மேய்ஸ்தான் பெரிய லீக்கிலிருந்து ஓய்வு பெற்றபோது 660 ஹோம் ரன்களுக்குச் சொந்தக்காரராயிருந்தார்.

1951-ல் மின்னியாபொலிஸ் கோஷ்டியில் 35 ஆட்டங்கள் ஆடி ஆயிரத்துக்கு 477 என்ற சராசரி பெற்றதும், மே மாதக் கடைசியில் அவரை நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். முதல் 12 முறை மட்டை பிடித்ததில் ஒன்றும் தேறவில்லை. பதின்மூன்றாவதில் வாரன் ஸ்பான் என்னும் பிரசித்தி பெற்ற எறிவீரரின் பந்தை ஹோம் ரன் அடித்தார். பிறகு மறுபடியும் வறட்சி. 26 முறையில் அந்த ஒன்றைத் தவிர வேறு பலன் இல்லை. தம்மால் இங்கே ஆட முடியாது என்று பையன் மனம் உடைந்து போனார். தலைவர் லியோ டுரோச்சர் அவரைத் தட்டிக் கொடுத்து, தாம் அங்கே இருக்கும் வரையில் நடுப் புல்வெளி அவருடையதுதான் என்று உறுதி கூறினார். அவ்வருஷ முடிவில் மேய்ஸ் 20 ஹோம் ரன்கள் அடித்து, புதிய ஆட்டக்காரர்களில் சிறந்தவர் என்ற பரிசைப் பெற்றார். ராணுவ சேவை முடிந்து 1954-ல் திரும்பியபோது அடித்தவை 41. அதற்கு அடுத்த வருஷம் 51.

லட்சணம் நிறைந்தவர்

இதற்கு நேர் எதிரான கதை பில்லி பீன் என்பவருடையது. 1980-ல் பள்ளிக்கூடம் முடித்தபோது ஐந்து லட்சணங்களும் பொருந்திய அவுட்பீல்டர் என்று பரீட்சகர்கள் ஒருமுகமாய்ப் புகழ்ந்த பிள்ளை. நல்ல உயரம், அழகான முகம், குதிரை வேகம். நியூயார்க் மெட்ஸ் கோஷ்டி அவரை அந்த வருஷத் தேர்வில் 23-ஆவதாக எடுத்துக்கொண்டது; அவரும் ஸ்டான்போர்டு கலாசாலையை வேண்டாமென்று விட்டு வந்தார். பிறகு பெரிய லீக்கில் மொத்தம் 148 ஆட்டங்கள். சராசரி ஆயிரத்துக்கு 219. ஹோம் ரன்கள் மூன்று.

குறை கையிலோ காலிலோ இல்லை. தோல்வியை அவரால் ஜீரணிக்க முடியவில்லை என்று, 2003-ல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய மைக்கேல் லூயிஸ் கூறுகிறார். பத்தில் மூன்று தடவை வெற்றி பெறுகிறவனை மகாவீரன் என்று கொண்டாடும் ஆட்டம் பேஸ்பால். மற்ற ஏழு தடவைகளை மறக்கத் தெரியாதவனுக்கு அங்கே நித்திய நரகம். 1990-ல் பீன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தாமே ஸ்கௌட் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்! பின்னர் ஓக்லண்டு கோஷ்டியின் நிர்வாகியாகி, அழகு லட்சணங்களைக் கண்டு மயங்காமல், பையன் உண்மையில் என்ன செய்திருக்கிறான் என்ற கணக்கைப் பார்த்து ஆள் எடுக்கும் முறைக்குப் பேர் வாங்கினார். தம்மைப் போன்ற ஒருவனைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதே அவர் கற்ற பாடம் என்று சொன்னால் மிகையாகாது.

ஆறாவது லட்சணம் என்று நாம் குறிப்பிடுவது இதைத்தான். அமெரிக்கப் பரீட்சகர்கள் இதற்கு 'மேக்-அப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாடகக்காரர்களின் அரிதாரம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். உள்ளத்தின் அமைப்பு என்று பொருள். ஆட்டமிழந்த பையன் மட்டையைத் தரையில் மோதுகிறானா? அடுத்த நிமிஷம் புல்வெளிக்குப் போய் நின்றதும் அதை மறந்து பந்தைக் கவனிக்கிறானா? பலிக்காது என்று தெரிந்த அடிக்கும் முழு வேகத்தில் ஓடுகிறானா? இவற்றைத்தான் அந்தக் கை தட்டாத மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையனின் உபாத்தியாயரையும் தாயார் தகப்பனாரையும் கண்டு பேசுவதும் இதற்காகவே.

2009-ல் மைக் ட்ரௌட் விஷயத்தில் இப்படிப்பட்ட பழக்கம் கை கொடுத்தது. நியூ ஜெர்ஸி மாகாணம் குளிர்ப் பிரதேசம். அங்கே வசந்தத்தில் ஆடக் கிடைக்கும் நாட்கள் குறைவு. சாமானியமான எதிரிகளிடம் ஆடும் பையனை எப்படி நம்புவது என்று பலர் தயங்கினார்கள். கை வீச்சும் பிரமாதம் அல்ல. ஏஞ்சல்ஸ் கோஷ்டியின் பரீட்சகர் கிரெக் மோர்ஹார்ட் ஒருவர் மட்டும் விடாப்பிடியாய் நின்றார். பையனின் தகப்பனாரோடு மைனர் லீக்கில் சேர்ந்து ஆடியவர் அவர், குடும்பத்தை அறிந்தவர். அந்தக் கோஷ்டிக்கு அவ்வருஷம் 24, 25 என்று அடுத்தடுத்து இரண்டு தேர்வுகள். இருபத்துநாலாவதாக வேறோர் அவுட்பீல்டரை எடுத்துவிட்டு, இருபத்தைந்தாவதாக ட்ரௌட்டை எடுத்தார்கள். 2011-ல் பெரிய லீக்கில் முதன்முதலாக ஆடிய 40 ஆட்டங்களில் ட்ரௌட்டின் சராசரி ஆயிரத்துக்கு 220-தான். மறு வருஷம் 326 ஆயிற்று. லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது பின்னர் மூன்று தடவை அவரைத் தேடி வந்தது.

யந்திரத்தின் கண்

2015 முதல் பெரிய லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும், பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம், எழும்பும் கோணம், காவலன் ஓடிய பாதை முதலிய யாவற்றையும் அளந்து சொல்லும் யந்திரங்கள் வந்துவிட்டன. மைனர் லீக் மைதானங்களுக்கும் அவை பரவியிருக்கின்றன. யந்திரத்துக்கு ஜாதி நிறம் தெரியாது என்பது ஒரு பெரிய லாபம். பழைய பரீட்சகர்கள் சிலருக்கு இதனால் வேலையும் போயிற்று. ஆயினும் யந்திரம் அளப்பது 'இன்று' என்ற பத்தியைத்தான். 'நாளை' என்ற பத்தியில் எழுத இன்னும் ஒரு மனிதர் மைதானத்தில் உட்கார்ந்துதான் ஆகவேண்டியிருக்கிறது.

பண்ணையில் இருக்கும் பையன்களுக்கோ அந்த நாளை வரும் வரையில் காலம் தள்ளுவதே ஒரு பரீட்சை. இரவு ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸில் ஏறினால் விடியும்போது அடுத்த ஊர். நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்தது அரை வயிற்றுச் சம்பளம். 2022-ல் சங்கத்தில் சேர்ந்து, 2023-ல் உடன்பாடு செய்துகொண்ட பிறகு, மேல் படியில் ஆடுகிறவனுக்குக் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெரிய லீக் மைதானத்தில் ஒரு நாளும் கால் வைக்கப்போவதில்லை. இதை அறிந்தே ஆடுகிறார்கள். பரீட்சகரின் பேனா அவசரப்பட்டு ஓடாமலிருக்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வில்லி மேய்ஸ் தமது 93-வது வயதில், 2024 ஜூன் 18-ஆம் தேதி காலமானார். பர்மிங்ஹாமில் அவர் பையனாக ஆடிய ரிக்வுட் மைதானத்தில், பழைய கறுப்பு ஆட்டக்காரர்களின் ஞாபகார்த்தமாகப் பெரிய லீக் ஆட்டம் ஒன்று நடத்த முன்னரே ஏற்பாடாகியிருந்தது. அவர் மறைந்த இரண்டாம் நாள் அந்த ஆட்டம் நடந்தது. ஜயண்ட்ஸும் ஸெயின்ட் லூயியும் மோதின. 1910-ல் கட்டிய மைதானம், சின்னஞ்சிறு ஆசனங்கள், தேசம் முழுதும் அன்று அந்த நடுப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு பையன் வளையும் பந்துக்கு ஏமாந்து ஏமாந்து மறுபடியும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, அதைப் பார்த்திருக்க வேண்டிய சிலர் பாராமல் போய்விட்டார்கள்.